கொல்லன் மகனின் நோட்டுப் புத்தகம்



இன்று காலையில் எழுந்ததும் சுவிட்சைப் போட்டீர்கள், விளக்கு எரிந்தது. ஃபேன் சுற்றியது. மிக்ஸி ஓடியது. மோட்டார் ஓடித் தொட்டியில் தண்ணீர் ஏறியது. இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே மனுஷனுடைய உழைப்பு இருக்கிறது. அவர் பெயர் மைக்கேல் ஃபாரடே. நம்ம பிள்ளைகள் அவருடைய விதிகளை மனப்பாடம் பண்ணிப் பரீட்சை எழுதுகிறார்கள். ஆனால் அவர் எப்படி அப்படிப்பட்ட மனுஷனாக ஆனார், தினந்தோறும் என்ன பழக்கங்களைக் கைக்கொண்டார் என்பது பாடப் புத்தகத்தில் இல்லை. இந்த மாதம் அதைத்தான் தியானிக்கப் போகிறோம்.

இதை எழுத ஒரு காரணம் உண்டு. நம்மிலே அநேகர் ஒரு காரியத்தைச் சொல்லிச் சொல்லியே ஆயுசைக் கழித்துவிடுகிறோம். புதுசாக யோசிக்கிறதெல்லாம் பெரிய படிப்பு படித்தவர்களுக்கு உரியது, நமக்கு அந்த மூளை கொடுக்கப்படவில்லை என்கிறோம். லேத்துப் பட்டறையில் நிற்கிற தம்பியும் அப்படிச் சொல்கிறான், தையல் மெஷினில் உட்காருகிற அக்காவும் அப்படிச் சொல்கிறார்கள். எழுதுகிற நானும் சொன்னவன்தான். ஃபாரடேயின் வாழ்க்கையைப் படித்த பிறகு அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவர் காலேஜ் வாசலை மிதித்தவர் அல்ல. உயர்ந்த கணிதம் அவருக்குக் கடைசிவரை தெரியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் ஒரு மறதிக்காரர்!

வாரத்துக்கு ஒரு ரொட்டி

1791-ம் வருஷம் செப்டம்பர் 22-ம் தேதி, லண்டனுக்குத் தெற்கே நியூயிங்டன் என்ற இடத்தில் அவர் பிறந்தார். தகப்பனார் ஜேம்ஸ் ஃபாரடே ஒரு கொல்லர். சுத்தியல் பிடிக்கிற கைதான், ஆனால் சரீரத்தில் பெலன் இல்லை, அடிக்கடி வியாதிப்படுவார். வேலைக்குப் போகாத நாளில் கூலி ஏது? நாலு பிள்ளைகளில் மைக்கேல் மூன்றாவது. 1801-ல் தானிய விலை ஏறிக் கிடந்த சமயத்தில், அந்தச் சிறுவனுக்கு ஒரு ரொட்டி கொடுத்து, அதை ஒரு வாரத்துக்கு வைத்துச் சாப்பிடச் செய்தார்களாம். எழுதப் படிக்க, கொஞ்சம் கணக்குப் போடக் கற்றதோடு பள்ளிக்கூடம் முடிந்தது.

அந்தக் குடும்பம் சாண்டமேனியர் என்ற ஒரு சின்னச் சபையைச் சேர்ந்தது. ஸ்காட்லாந்தில் ஜான் கிளாஸ் என்பவர் தொடங்கி, அவருடைய மருமகன் ராபர்ட் சாண்டமேன் பரப்பிய கூட்டம் அது. சம்பளம் வாங்குகிற போதகர் அங்கே கிடையாது. சபையாரிலிருந்தே மூப்பர்களைத் தெரிந்தெடுப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு நடுவில் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பணத்தைச் சேர்த்துக் குவிப்பது அவர்களுக்குப் பிடிக்காத காரியம். இந்த வீட்டுச் சூழ்நிலையை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

பைண்டிங் கடையில் படித்த படிப்பு

1804-ல், 13 வயதில், ரீபோ என்பவருடைய புத்தகக் கடையில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தார். வாடகைக்கு விடும் செய்தித்தாளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பதும், திரும்ப வாங்கி வருவதும் வேலை. அடுத்த வருஷம் அதே கடையில் புத்தகம் பைண்டிங் பண்ணும் தொழில் கற்க 7 வருஷ ஒப்பந்தம். பையன் உண்மையாய் வேலை பார்த்ததால், ரீபோ அவரிடம் பயிற்சிக் கட்டணமே வாங்கவில்லை.

பைண்டிங் பண்ணுகிறவன் புத்தகத்தின் வெளிப்பக்கத்தைத்தான் பார்ப்பான். இவரோ உள்பக்கத்தையும் பார்த்தார்! பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியம் ஒன்று பைண்டிங்குக்கு வந்தபோது, அதில் மின்சாரத்தைப் பற்றிய கட்டுரையைப் படித்தார். ஜேன் மார்செட் என்ற அம்மையார் வேதியியலைப் பற்றி எளிய நடையில் எழுதிய புத்தகமும் கையில் கிடைத்தது. படித்ததோடு விட்டாரா? இல்லை. கையில் இருந்த சில்லறைக்குச் சாமான் வாங்கி, புத்தகத்தில் சொன்னது மெய்தானா என்று தானே செய்து பார்த்தார். கண்ணால் கண்டு, கையால் செய்த பிறகுதான் அது அவருக்குச் சொந்த அறிவானது. சாகும்வரை விடாத முதல் பழக்கம் இதுதான்.

அந்தக் கடையில் இன்னொரு புத்தகமும் அவர் கைக்கு வந்தது. ஐசக் வாட்ஸ் ஐயர் எழுதியது. ஆம், சிலுவையைப் பற்றி அவர் எழுதிய பாட்டைத் தமிழிலும் பாடுகிறோமே, அதே வாட்ஸ்! மனதை எப்படிப் பயிற்றுவிப்பது என்று 1741-ல் அவர் ஒரு புத்தகம் வெளியிட்டிருந்தார். கவனித்துப் பார்ப்பது, வாசிப்பது, போதிப்பவரிடம் கேட்பது, மற்றவர்களோடு பேசுவது, தனிமையில் சிந்திப்பது என்று ஐந்து வழிகளை அதில் விளக்கியிருந்தார். குறிப்பெடுக்கச் சொன்னார். அவசரப்பட்டு முடிவுக்கு வராதே என்று எச்சரித்தார். பையன் அதை நல்ல புத்தகம் என்று பாராட்டி அலமாரியில் வைக்கவில்லை. ஒவ்வொன்றாக எடுத்துச் செய்ய ஆரம்பித்தார்.

1809-ல் ஒரு நோட்டு போட்டார். எங்கே எதைப் படித்தாலும், ஆச்சரியமான செய்தி எது கண்ணில் பட்டாலும் அதில் எழுதி வைத்தார். டேட்டம் என்பவர் தன் வீட்டில் விஞ்ஞானச் சொற்பொழிவு நடத்தினார். ஒரு கூட்டத்துக்கு ஒரு ஷில்லிங். கடைப் பையனுக்கு ஷில்லிங் ஏது? அண்ணன் ராபர்ட், கொல்லுப்பட்டறையில் உழைத்த காசிலிருந்து கொடுத்தார். அந்த நாட்களிலேதான், 1810-ல், தகப்பனார் மரித்துப்போனார். அந்தத் துக்கத்திலும் அண்ணன் தம்பியைத் தாங்கினார். பிரியமானவர்களே, ஃபாரடேயின் பெயர் உலகத்துக்குத் தெரியும். அந்த ஷில்லிங்கைக் கொடுத்த அண்ணனை எத்தனை பேருக்குத் தெரியும்?

கூட்டத்தில் கேட்டதை அவசரமாகக் கிறுக்கிக்கொண்டு வருவார். வீட்டில் உட்கார்ந்து விரித்து எழுதுவார். கருவிகளின் படம் போட வேண்டும், ஆனால் வரையத் தெரியாது. கடைக்கு மேலே பிரான்ஸிலிருந்து தப்பி வந்த மாஸ்கரியே என்ற ஓவியர் குடியிருந்தார். இவர் அவருடைய பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டு, அறையைத் துடைத்துக் கொடுத்தார். அவர் வரையக் கற்றுக் கொடுத்தார். பணம் இல்லை என்று நின்றுவிடாமல், தன்னிடம் இருந்ததைக் கொடுத்துக் கற்றுக்கொண்டார், பாருங்க.

அதே கூட்டத்தில் அபட் என்ற நண்பர் கிடைத்தார். 1812-ல் இருவரும் கடிதம் எழுத ஆரம்பித்தார்கள். ஒரே ஊருக்குள் இருந்துகொண்டு எதற்குக் கடிதம்? எழுத்தும் யோசனையும் சீர்ப்படுவதற்காக! தன் மனதில் நல்ல எண்ணங்கள் உதிக்கின்றன, உடனே குறித்து வைக்காததால் திரும்ப வராதபடி தொலைந்துபோகின்றன என்று முதல் கடிதத்திலேயே ஃபாரடே ஒப்புக்கொள்கிறார். அப்போது அவருக்கு வயது 20. தன் மறதியை அவர் அப்பொழுதே அறிந்திருந்தார். அதற்காக அழுதுகொண்டிருக்கவில்லை, பென்சிலை எடுத்துக்கொண்டார்.

தட்டின கதவு

1812 வசந்தகாலத்தில், கடைக்கு வரும் டான்ஸ் என்ற ஒரு வாடிக்கையாளர், ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹம்ஃப்ரி டேவி பேசும் நாலு சொற்பொழிவுகளுக்கு டிக்கெட் கொடுத்தார். டேவி அந்நாளில் இங்கிலாந்தின் புகழ்பெற்ற விஞ்ஞானி. ஃபாரடே மாடியில் உட்கார்ந்து கேட்டார், குறித்தார், வீட்டில் விரித்து எழுதினார், படம் வரைந்தார், தன் கையாலேயே பைண்டிங் பண்ணினார். சுமார் 300 பக்கம்!

அந்த வருஷம் அக்டோபரில் ஒப்பந்தம் முடிந்தது. வேறொரு கடையில் வேலை, மனம் ஒட்டவில்லை. ராயல் சொசைட்டியின் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதினார். பதில் இல்லை. டிசம்பரில் அந்தப் பைண்டிங் பண்ணின புத்தகத்தையே டேவிக்கு அனுப்பினார். டேவி அழைத்துப் பேசினார். ஆனால் வேலை காலி இல்லை, பைண்டிங் தொழிலையே பார்த்துக்கொள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவ்வளவுதான் என்று நாம் நினைப்போம். சில வாரங்களில், அங்கே சோதனைக்கூட உதவியாளர் ஒருவர் சண்டை போட்டு வேலையை இழந்தார். டேவிக்கு அந்தப் புத்தகம் ஞாபகத்துக்கு வந்தது. 1813 மார்ச் 1-ம் தேதி ஃபாரடேக்கு வேலை கிடைத்தது. வாரம் 25 ஷில்லிங் சம்பளம், மாடியில் இரண்டு அறை. வேலை என்ன? பாட்டில் கழுவுவது, சாமான் எடுத்து வைப்பது, டேவி பேசும்போது பக்கத்தில் நிற்பது.

அந்த அக்டோபரில் டேவி தம்பதியோடு ஐரோப்பா பயணம் போனார். கூட வருவதாக இருந்த பணியாள் கடைசி நேரத்தில் வராததால், இவரே வேலைக்காரனுடைய வேலையும் செய்ய வேண்டியதாயிற்று. டேவியின் மனைவி அவரை மட்டமாக நடத்தினார்கள். ஊருக்குத் திரும்பிவிடலாமா என்று மனம் உடைந்தது. ஆனாலும் நாட்குறிப்பை நிறுத்தவில்லை. பிரெஞ்சும் இத்தாலியனும் பழகினார். பாரிஸில் ஆம்பியரையும், இத்தாலியில் வயதான வோல்ட்டாவையும் கண்டார். ஃப்ளாரன்ஸ் நகரில் வைரத்தை எரித்து, அது கரிதான் என்று டேவி காட்டியபோது பக்கத்தில் நின்றார். அவமானப்பட்ட அந்த ஒன்றரை வருஷம் அவருக்குக் காலேஜ் ஆனது. 1815-ல் திரும்பி வந்தார்.

தன் குறையைச் சொல்ல ஆள் வைத்தவர்

தன் மாடி அறையில் சில வாலிபர்களைக் கூட்டினார். ஒருவர் வாசிப்பார், மற்றவர்கள் உச்சரிப்பையும் வாக்கியத்தையும் திருத்துவார்கள். யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. பேச்சுக் கலைக்கு ஒரு ஆசிரியரிடம் காசு கொடுத்துப் பாடம் கேட்டார். பிற்காலத்தில் பெரிய சபையில் பேசும்போதும், மெதுவாகப் பேசும்படி ஒரு அட்டை, நேரம் ஆகிவிட்டதென்று ஒரு அட்டை, இரண்டையும் சமயம் பார்த்துத் தன் முன் வைக்க ஆள் வைத்திருந்தார். நம்ம பிரசங்கியார்களுக்கும் அந்த அட்டை ஒன்று வேண்டும், இல்லீங்களா? (என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்!)

கையில் இருப்பதைக் கொண்டு வேலையை முடிப்பது அவருக்குச் சுபாவமாகவே ஆகிவிட்டது. 1824-ல் வாயுவை அடைத்து வைக்க ஒரு பை தேவைப்பட்டது. இரண்டு ரப்பர்த் தகடுகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்தார். உள்ளே ஒட்டிக்கொள்ளாமல் இருக்க நடுவில் மாவைத் தூவினார். ஓரங்களை அழுத்தி ஒட்டினார். பிறந்த நாளுக்கு நாம் ஊதிக் கட்டுகிறோமே, அந்த ரப்பர் பலூனின் ஆரம்பம் அதுதான். சமையலறை மாவு!

சறுக்கின இடம்

பரிசுத்தவான் மாதிரி ஒருவரை வர்ணித்துவிட்டுப் போவது சுலபம். ஆனால் அவரும் ஒரு இடத்தில் சறுக்கினார். அதையும் சொல்ல வேண்டும்.

1821 நல்ல வருஷம். ஜூன் மாதம் தன் சபையைச் சேர்ந்த சாராள் பார்னார்டை மணந்தார். ஜூலையில் சபைக்கு முன் தன் விசுவாசத்தை அறிக்கையிட்டு அங்கத்தினரானார். செப்டம்பரில் ஒரு பெரிய காரியம் செய்தார். ஒரு கிண்ணத்தில் பாதரசம், நடுவில் காந்தம், மேலிருந்து தொங்கும் கம்பி. மின்சாரம் பாய்ந்ததும் கம்பி காந்தத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. மின்சாரத்தால் இடைவிடாத சுழற்சி! இன்றைய மோட்டாரின் தாத்தா.

சந்தோஷத்தில் உடனே எழுதி அச்சுக்குக் கொடுத்துவிட்டார். ஆனால் வொல்லாஸ்டன் என்ற மூத்த விஞ்ஞானியும் அதே வழியில் யோசித்துக்கொண்டிருந்தார். அவரிடம் கேட்கலாம் என்று ஃபாரடே போனபோது அவர் ஊரில் இல்லை. அவர் பெயரைக் குறிப்பிடாமலே கட்டுரை வெளிவந்துவிட்டது. பிறருடைய யோசனையைத் திருடிவிட்டான் என்று பேச்சு கிளம்பியது. நேர்மையாய் நடக்க வேண்டும் என்று வாழ்ந்தவருக்கு அந்தச் சொல் எப்படிக் குத்தியிருக்கும்! அவரே நேரில் போய் வொல்லாஸ்டனுக்கு விளக்கம் சொன்னார். ஆனாலும் 1823-ல் அவரை ராயல் சொசைட்டிக்குத் தெரிந்தெடுக்கப் பெயர் வந்தபோது எதிர்த்தவர் யார்? அவரைத் தூக்கிவிட்ட டேவியேதான். 1824 ஜனவரியில் ஒரே ஒரு எதிர் ஓட்டோடு அவர் தெரிந்தெடுக்கப்பட்டார்.

அவர் திருடவில்லை. அவருடைய சோதனை அவருடையதுதான். தவறு அவசரத்தில் இருந்தது. புது யோசனை வந்ததும் அதற்கு முன் வழி நடந்தவர்களைச் சொல்ல மறந்துபோகிறோமே, அந்த இடத்தில் நாமும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். டேவியைப் பற்றி அவர் பிற்காலத்திலும் நன்றியோடு பேசினாரே தவிர, கசப்பை வளர்க்கவில்லை.

கேள்வி நோட்டு

இப்போது முக்கியமான காரியத்துக்கு வருகிறோம். 1822-ல் அவர் இன்னொரு நோட்டு ஆரம்பித்தார். இதில் பதில்கள் இல்லை, கேள்விகள்தான்! செய்து பார்க்க வேண்டியவை, சந்தேகங்கள், பாதி யோசனைகள் எல்லாம் அதில் ஏறின. ஒரு கேள்விக்கு விடை கிடைத்தால் பேனாவால் அடித்துவிடுவார். கிடைக்காதது அப்படியே காத்திருக்கும்.

அதில் ஒன்று, காந்தத்தை மின்சாரமாக மாற்ற முடியுமா என்பது. மின்சாரம் காந்தத்தை அசைக்கும் என்று டென்மார்க்கில் ஓர்ஸ்டெட் 1820-ல் காட்டியிருந்தார். அப்படியானால் மறுபக்கமும் நடக்க வேண்டுமே! இந்தச் சந்தேகத்துக்கு அவருடைய விசுவாசமும் ஒரு காரணம். சிருஷ்டித்தவர் ஒருவர் என்றால், சிருஷ்டியின் சக்திகளும் ஒன்றோடொன்று உறவாகத்தான் இருக்கும் என்று அவர் நம்பினார். ஆனால் நம்பினதாலேயே அது உண்மை என்று அறிவித்துவிடவில்லை. சோதித்தார். 1824-ல் தோல்வி. 1825-ல் தோல்வி. 1828-ல் தோல்வி. கேள்வி நோட்டிலேயே இருந்தது.

1831 ஆகஸ்ட் 29. 6 அங்குல அகலமுள்ள ஒரு இரும்பு வளையம். ஒரு பக்கம் ஒரு கம்பிச் சுருள், மறுபக்கம் இன்னொன்று. இப்போதுபோல் மேலுறை போட்ட கம்பி கடையில் கிடைக்காத காலம்; சுற்றுக்குச் சுற்று நடுவில் நூலும் துணியும் வைத்துச் சுற்றினார்கள். ஒரு சுருளில் பாட்டரியை இணைத்தார். மறு சுருளோடு இணைத்த கம்பியின் பக்கத்தில் இருந்த காந்த ஊசி ஒரு துடி துடித்து நின்றுவிட்டது. பாட்டரியை எடுத்தார், மறுபடியும் ஒரு துடிப்பு. நடுவில் ஒன்றுமில்லை!

மின்சாரம் தொடர்ந்து வரும் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அது கண் இமைக்கிற நேரம்தான் வந்தது. அந்தச் சின்னத் துடிப்பை அலட்சியம் பண்ணியிருந்தால் போயிருக்கும். 20 வருஷமாகக் கவனித்துப் பழகின கண் அதைப் பிடித்துக்கொண்டது. மாறும்போதுதான் மின்சாரம் பிறக்கிறது என்று புரிந்தது. அக்டோபர் 17-ல் கம்பிச் சுருளுக்குள் காந்தத்தை நுழைத்து எடுத்தார், ஊசி ஆடியது. அக்டோபர் 28-ல் பெரிய காந்தத்தின் முனைகளுக்கு நடுவில் செம்புத் தட்டைச் சுற்றி, தொடர்ந்து மின்சாரம் எடுத்தார். டைனமோவும் டிரான்ஸ்ஃபார்மரும் அந்த இரண்டு மாதத்தில் கருத்தரித்தன. நோட்டில் கேள்வி எழுதி 9 வருஷம் ஆகியிருந்தது.

வீணாய்ப் போகாத வேலை

1825-லிருந்து 1830 வரை தொலைநோக்கிக்கு நல்ல கண்ணாடி செய்யும் வேலை அவர்மேல் விழுந்தது. நாட்கணக்கில் உலை முன்னால் நிற்க வேண்டும். அங்கே உதவிக்கு வந்தவர் பழைய பட்டாளக்காரர் சார்ஜன்ட் ஆண்டர்சன். ஒரு நாள் மாலையில் அவரை வீட்டுக்குப் போகச் சொல்ல ஃபாரடே மறந்துவிட்டாராம். காலையில் வந்து பார்த்தால், மனுஷன் விடிய விடிய உலையை எரித்துக்கொண்டே நிற்கிறார்! அப்படி உழைத்தும் எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. பல வருஷம் வீண் என்று யாரும் சொல்வார்கள்.

1845 செப்டம்பரில், காந்தம் ஒளியைப் பாதிக்குமா என்று ஒவ்வொரு பொருளாக வைத்துச் சோதித்தார். எதிலும் ஒன்றும் தெரியவில்லை. கடைசியில், பழைய வேலையில் மிஞ்சின அந்தக் கனமான கண்ணாடித் துண்டை எடுத்து வைத்தார். செப்டம்பர் 13-ம் தேதி, காந்தம் அந்தக் கண்ணாடிக்குள் போகும் ஒளியின் தளத்தைத் திருப்பியது! தோற்றுப்போன வேலையின் துண்டை 15 வருஷம் தூக்கி எறியாமல் வைத்திருந்ததால் வந்த பலன் அது.

மூளை களைத்தபோது

1840 வாக்கில் அவருடைய சரீரம் மறுத்துவிட்டது. தலைசுற்றல், மறதி அதிகமானது. சாராள் அம்மாள் அவரைச் சும்மா இருக்கப் பழக்கினார்கள். 1841-ல் சுவிட்சர்லாந்து மலைகளுக்குக் கூட்டிப்போனார்கள். யோசனை ஓடவில்லையே தவிரக் கால்கள் ஓடின. ஒரே நாளில் 40 மைலுக்கு மேல் நடந்த நாளும் உண்டு. அருவியையும் அதின்மேல் நிற்கும் வானவில்லையும் பார்த்துக்கொண்டே இருப்பார். வீட்டில் அண்ணன் தங்கை பிள்ளைகளோடு விளையாடுவார். தமக்குப் பிள்ளைகள் இல்லை. ஞாயிறும் புதன்கிழமையும் சபைக்குப் போவார். 1840-ல் மூப்பராகத் தெரிந்துகொள்ளப்பட்டார், வியாதியஸ்தரைப் போய்ப் பார்ப்பார். கண்ணாடி ஒளியைத் திருப்பின அந்தப் பெரிய வேலை இந்த ஓய்வுக்குப் பிறகுதான் வந்தது. ஓய்வெடுக்கிறவன் சோம்பேறி என்று நினைக்கிற நமக்கு இது ஒரு பாடம்.

மறதி முழுவதும் போகவில்லை. ஒரு முறை ஆறு வாரம் பாடுபட்டு ஒரு முடிவைக் கண்டார். பழைய நோட்டைப் புரட்டினால், எட்டொன்பது மாதத்துக்கு முன் அதே வேலையைச் செய்து, அதே முடிவை எழுதி வைத்திருக்கிறார்! செய்ததே ஞாபகத்தில் இல்லை. வாசிக்கும்போது என் கண் கலங்கிவிட்டது. ஆனால் பாருங்க, தலையில் தங்காதது நோட்டில் தங்கியது. சோதனைக் குறிப்புகளுக்குப் பத்திக்குப் பத்தி நம்பர் போட்டு எழுதினார். அந்த நம்பர் 16,000-ஐயும் தாண்டியது. அவருடைய ஞாபகசக்தி அந்த அலமாரியில் இருந்தது.

தன்னையே சந்தேகித்தவர்

1853-ல் லண்டனில் ஒரு மோகம் பரவியது. நாலைந்து பேர் மேசையின்மேல் கை வைத்து உட்காருவார்கள், மேசை தானாக நகரும். ஆவி நகர்த்துகிறது என்றார்கள் சிலர், மின்சாரம் என்றார்கள் சிலர். ஃபாரடே கிண்டல் பண்ணவில்லை. கைக்கும் மேசைக்கும் நடுவில், நழுவக்கூடிய அட்டைகளை வைத்து ஒரு சின்னக் கருவி செய்தார். மேசை கையை இழுத்தால் ஒரு பக்கம் நழுவும், கை மேசையைத் தள்ளினால் மறுபக்கம் நழுவும். தெரிந்தது என்ன? உட்கார்ந்தவர்களே தங்களை அறியாமல் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் ஏமாற்றுக்காரர் அல்ல, விரும்பினதை நம்பினவர்கள்.

அடுத்த வருஷம் மனதைப் பயிற்றுவிப்பது பற்றி ஒரு சொற்பொழிவு செய்தார். நாம் எதை ஆசைப்படுகிறோமோ அதைத்தான் அதிகமாகச் சோதிக்க வேண்டும் என்பது அதின் சாரம். ஆவிக்குரிய ஜனங்களாகிய நாமும் இதைக் கவனிக்க வேண்டும். பகுத்தறிவது விசுவாசத்துக்கு விரோதம் அல்ல.

ஒரு மெழுகுவர்த்தி

பிள்ளைகளுக்குக் கிறிஸ்மஸ் நாட்களில் அவர் விஞ்ஞானம் சொல்லிக்கொடுத்தார். 1827-லிருந்து 1860 வரை 19 முறை. கடைசி முறை அவர் எடுத்துக்கொண்ட பொருள் ஒரு மெழுகுவர்த்தி! ஆறு சொற்பொழிவும் அதைப் பற்றித்தான். சுடருக்குக் கீழே ஏன் கிண்ணம்போல் குழிகிறது? உருகின மெழுகு திரியில் எப்படி மேலே ஏறுகிறது? எரிகிற சுடரிலிருந்து தண்ணீர் எப்படி வருகிறது? பெரிய மெஷின் ஒன்றும் வேண்டாம், வீட்டில் இருப்பதைக் கேள்வி கேட்டால் போதும் என்று அந்தப் பிள்ளைகளுக்குக் காட்டினார்.

கடைசி நாட்கள்

சர் பட்டம் வேண்டாம் என்றார். ராயல் சொசைட்டியின் தலைவர் பதவியும் வேண்டாம் என்றார். 1858-ல் விக்டோரியா ராணி ஹாம்ப்டன் கோர்ட்டில் குடியிருக்க ஒரு வீடு கொடுத்தார்கள். 1867 ஆகஸ்ட் 25-ம் தேதி, தன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே அமைதியாய் நித்திரையடைந்தார். பெரிய மனிதரை அடக்கம் பண்ணும் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அல்ல, ஹைகேட் கல்லறைத் தோட்டத்தில் ஒரு சாதாரணக் கல்லுக்கடியில் அடக்கம் பண்ணப்பட்டார்.

அவருடைய கடைசிச் சோதனை 1862-ல். காந்தம் ஒரு சுடரின் நிறக்கோடுகளை மாற்றுமா என்று பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. தெரியவில்லை என்பதையும் எழுதி வைத்தார். பிற்காலத்தில் ஹாலந்து தேசத்தில் ஸீமன் என்பவர் அந்தத் தோல்வியைப் பற்றி வாசித்து, நல்ல கருவி கொண்டு மறுபடியும் பார்க்கலாமே என்று 1896-ல் செய்தார். கோடுகள் விரிந்தன! 1902-ல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. ஒரு மறதிக்காரர் எழுதி வைத்த தோல்வி, 34 வருஷம் கழித்து வேறொருவர் கையில் வெற்றியானது.

நமக்கு என்ன?

பிரியமானவர்களே, ஆசரிப்புக் கூடாரத்து வேலைக்குப் பெசலெயேலுக்கு ஞானம் அருளப்பட்டது என்று வாசிக்கிறோம். பொன்னிலும் மரத்திலும் வேலை செய்கிற கைத்தொழில் ஞானம் அது. தாலந்து கொடுக்கிறவர் கொடுக்கிறார். அதைப் புதைப்பதும் புழங்குவதும் நம்முடைய தினசரிப் பழக்கத்தில் இருக்கிறது.

ஆகையால் இந்த மாதம் இவைகளைச் செய்து பாருங்கள். சட்டைப் பையிலோ கைப்பையிலோ ஒரு சின்ன நோட்டு வையுங்கள். எண்ணம் வந்த இடத்திலேயே எழுதுங்கள், ராத்திரி எழுதிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். கடைசிப் பக்கத்திலிருந்து கேள்விகளை எழுதுங்கள். ஏன் இந்த அடுப்பு புகைகிறது, ஏன் இந்த வேலைக்கு இத்தனை நேரம் ஆகிறது என்று சின்னக் கேள்வியாக இருக்கட்டும். வாரத்தில் ஒன்றைச் செய்து பாருங்கள். தோற்றால் அதையும் தேதி போட்டு எழுதுங்கள். உங்கள் குறையைத் தாராளமாய்ச் சொல்லும் ஒரு நண்பரைத் தேடுங்கள். யாரிடமிருந்து கற்றீர்களோ அவர் பெயரைச் சொல்லுங்கள். ஓய்வு நாளில் ஓய்ந்திருங்கள்.

பெற்றோரே, உங்கள் பிள்ளை உடைந்த ரேடியோவைக் கழற்றிப்போட்டு உட்கார்ந்திருந்தால் திட்டாதீர்கள். ராபர்ட் அண்ணனைப்போல ஒரு ஷில்லிங் கொடுங்கள்.

நான் போன வாரம் ஒரு நோட்டு வாங்கினேன். இதுவரை 11 கேள்வி எழுதியிருக்கிறேன், ஒன்றைக்கூட இன்னும் அடிக்கவில்லை. நீங்களும் ஒன்று வாங்குங்கள். அடுத்த முறை சந்திக்கும்போது ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்வோம். கர்த்தர் உங்கள் கையின் வேலையை வாய்க்கப்பண்ணுவாராக. ஆமென்.